கேசட் காலமும் கணக்குக் காலமும்

தொண்ணூறுகளில் கொல்லிமலையில், வாழவந்தி நாட்டின் செம்மேட்டில் ஒரு பையனுக்குப் புது வீடியோ கேம் கேசட் வேண்டுமென்றால் மலையிறங்கித்தான் ஆக வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காரவள்ளி, பிறகு சேந்தமங்கலம், நாமக்கல். இன்று டவர் கிடைக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தால் போதும், விளையாட்டு அவனைத் தேடி மலையேறி வந்துவிடுகிறது. வந்த விளையாட்டு அவனிடமே தங்குமா என்பது வேறு விஷயம்.

அந்தக் கேசட்டை நினைத்துப் பாருங்கள். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் கூடு, அடியில் வரிசையாகப் பித்தளை நிறப் பற்கள். படம் வராவிட்டால் கழற்றி, வாயால் ஊதி, மறுபடி அழுத்திச் செருகுவார்கள். ‘9999 இன் 1’ என்று ஒட்டியிருக்கும். உள்ளே சில விளையாட்டுகளே பெயர் மாறி மாறி வரும். 1985இல் வந்த சூப்பர் மரியோவின் மொத்த அளவு 40 கேபி. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் செருகிய கேசட் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தயாரித்த கம்பெனி மூடிப்போனாலும் அது ஓடியது. அண்ணன் ஆடி முடித்ததைத் தம்பி ஆடினான், அடுத்த தெருவுக்கு இரவல் போனது.

அதற்குப் பின் வந்த சிடியும் அப்படித்தான். கீறல் விழும் வரை நம்முடையது.

வாங்கியது நம்முடையதாக இல்லாமல் போன மாற்றத்தைச் செல்போன் காலத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் உணர்ந்தது பப்ஜியில்தான். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. ஸ்டோரிலிருந்து தூக்கிவிட்டார்கள், ஆனாலும் போனில் ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் 30 அன்று இந்தியாவுக்கான சேவையே நின்றது. ரீசார்ஜ் காசைச் சேர்த்து யூசி என்ற விளையாட்டுப் பணம் வாங்கி எடுத்த உடையும் துப்பாக்கி ஸ்கின்னும் அன்றோடு எட்டாமல் போயின. 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்தபோது, பழைய கணக்கை ஃபேஸ்புக், ட்விட்டருடன் இணைத்து வைத்திருந்தவர்கள் தங்கள் பொருளை மாற்றிக்கொண்டார்கள். விருந்தினர் கணக்கில் ஆடியவர்களுக்கு அந்த வழி இல்லை. 10 கோடிப் பேர் பதிவு செய்திருந்த அந்த பிஜிஎம்ஐயும் 2022 ஜூலை 28 அன்று ஸ்டோரிலிருந்து மறைந்து, 2023 மே மாதம்தான் திரும்பியது. இடைப்பட்ட பத்து மாதமும் போனை ஃபார்மட் செய்யாதவன் ஆடினான். செய்தவன் ஸ்டோரில் தேடித் தேடி ஓய்ந்தான்.

ஆக, ஸ்டோரிலிருந்து எடுப்பது வேறு, சர்வரை அணைப்பது வேறு. ஸ்டீம் போன்ற கணினி விளையாட்டுக் கடைகளில், விற்பனையை நிறுத்திய விளையாட்டையும் முன்பே காசு கொடுத்தவர் பெரும்பாலும் தம் நூலகத்திலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ள முடிகிறது. சர்வர் இல்லாமல் ஓடாத விளையாட்டுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. யூபிசாஃப்டின் ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய விளையாட்டு 2014இல் வந்தது. 2023 டிசம்பரில் விற்பனை நின்றது. 2024 மார்ச் 31 அன்று சர்வர் நின்றது. முழு விலை கொடுத்தவரும் அதற்குமேல் தனியாகக்கூட அந்தக் காரை ஓட்ட முடியவில்லை. விளையாட்டு கைவிட்டுப் போக மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. 2017இல் ஐபோனுக்கு ஐஓஎஸ் 11 வந்ததும் பழைய 32 பிட் விளையாட்டுகள் ஓடாமல் நின்றன. கடைக்காரரும் தயாரித்தவரும் எதையும் பறிக்கவில்லை. போன்தான் முன்னே போய்விட்டது.

கிரயம் என்று நினைத்துப் பணம் கட்டியவர் கையில் குத்தகைப் பத்திரம் கொடுத்தது போன்ற வியாபாரம் இது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், கொடுப்பது உரிமம் மட்டுமே என்பதை விற்பவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. விற்ற விளையாட்டை ஆட முடியாதபடி ஆக்காதீர்கள் என்று ஐரோப்பாவில் எழுந்த கோரிக்கைக்கு, 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். நியாயமான கோரிக்கை. நம் நாட்டிலும் எழ வேண்டியது.

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. அன்றைய கேசட்டும் சிடியும் பெரும்பாலும் கள்ளப் பிரதிகள். உருவாக்கியவருக்கு ஒரு பைசா போகவில்லை. மலையின் ஈரத்தில் சிடி பூஞ்சை பிடித்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். இன்று போன் தொலைந்தாலும் கணக்கு இருந்தால் வாங்கியது திரும்புகிறது. பழுது நீங்கிய புதுப் பதிப்பு தானே வந்து சேர்கிறது. இவை சின்ன லாபங்கள் இல்லை. போனது ஒன்றுதான்: யாரையும் கேட்காமல் வைத்திருக்கும் சுதந்திரம். அதுதான் எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

பிள்ளைக்கு விளையாட்டு வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் சில காரியங்கள் செய்யலாம். விருந்தினர் கணக்கில் ஆட விடாமல், கடவுச்சொல் நினைவிருக்கிற மின்னஞ்சலோடு கணக்கை இணைத்துவிடுங்கள். நெட் இல்லாமலும் ஓடுமா என்று வாங்குமுன் பாருங்கள். கணினி விளையாட்டு என்றால் ஜிஓஜி போன்ற கடைகள் நிறுவும் கோப்பையே கொடுக்கின்றன. அதை ஒரு ஹார்டு டிஸ்கில் இறக்கி வையுங்கள். கடையே மூடப்படும் என்ற அறிவிப்பு வந்த பிறகு இறக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். டவர் விட்டுவிட்டுக் கிடைக்கும் மலையில், அறிவிப்பில் தரும் கெடு போதாமல் போகலாம்.