கீமோவுக்கும் கழுவெளிக்கும் நடுவே

விழுப்புரம் மாவட்டத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் எழும் பேச்சு பஸ்ஸைப் பற்றித்தான். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியா, சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள புதுச்சேரி ஜிப்மரா, திண்டிவனம் வழியாகச் சென்னை போய் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையா? கீமோ என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய்வந்துவிடலாம். ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சுக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் போக வேண்டியிருக்கும்; தூரத்து ஊர்க்காரர் அறை எடுத்துத் தங்கத்தான் வேண்டும். கட்டியின் அளவு, மருந்தின் அளவு, ரத்த அணுக்களின் எண்ணிக்கை எல்லாம் ஃபைலில் ஏறிவிடுகின்றன. நோய் வருவதற்கு முன் அந்த மனிதர் சாயங்காலம் எங்கே போய் உட்காருவார், கை சும்மா இருந்தால் எதை எடுத்து வைத்துக்கொள்வார் என்பது மட்டும் ஏறுவதில்லை. அதுவும் ஏற வேண்டும். பிடித்த இடமும் பிடித்த கைவேலையும் சிகிச்சைக் காலத்து வேதனையைக் குறைக்கின்றன என்பதற்கு அளந்து பார்த்த சான்றுகள் இருக்கின்றன.

இடத்தைப் பற்றிய ஆய்வுகளில் பலரும் சொல்வது ரோஜர் உல்ரிக் 1984இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் ஆவணங்களை அவர் ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஆனால் அது புற்றுநோய் ஆய்வு இல்லை, ஆட்களும் குறைவு. நமக்கு அதைவிட நெருக்கமானது பெர்னடின் சிம்ப்ரிச் 2003இல் வெளியிட்டது. மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 157 பெண்களில் ஒரு பிரிவினர், அறுவைக்கு முன்பிருந்தே வாரத்துக்கு 120 நிமிடம் இயற்கைச் சூழலில் கழித்தார்கள். எண்களை நேராகவும் தலைகீழாகவும் சொல்லவைப்பது போன்ற சோதனைகளில் அவர்களுடைய கவனத்திறன் மற்றவர்களைவிட நன்றாக மீண்டிருந்தது. நோயாளியின் மூளை ஓயாமல் வேலை செய்கிறது: மாத்திரை நேரம், ரிப்போர்ட், கடன், பிள்ளையின் படிப்பு. முயன்று செலுத்தும் இந்தக் கவனம் களைத்துப்போகிறது. நாம் முயலாமலே கண்ணை இழுத்து வைத்துக்கொள்ளும் காட்சி அதற்கு ஓய்வு தருகிறது என்பது ஸ்டீபன் கப்லான், ரேச்சல் கப்லான் இருவரின் விளக்கம்.

அப்படிப்பட்ட காட்சிக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. மரக்காணம் பக்கத்துக் கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட வந்து நிற்கும் உவர்நீர்ப் பரப்பு. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. அதற்காக ராஜகிரியின் படிகளில் ஏறச் சொல்லவில்லை. கீமோவில் ஹீமோகுளோபின் இறங்கியவருக்கு அது தண்டனை. திண்டிவனம்–திருவண்ணாமலை சாலையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து மலையைப் பார்த்தாலே போதும். அதுவும் முடியாதவருக்குச் சொந்த ஊர் ஏரிக்கரை இருக்கிறது. பெயர்பெற்ற இடத்தைவிடப் பழகிய இடத்தில் ஒரு வசதி உண்டு: எங்கே நிழல் விழும், எங்கே உட்காரலாம் என்று யோசிக்க வேண்டியதில்லை.

கைவேலைக்கு வருவோம். சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் மெமோரியல் மருத்துவமனையில் உள்நோயாளிகளாக இருந்த 50 புற்றுநோயாளிகளை ஒரு மணி நேரம் ஓவியச் சிகிச்சையில் ஈடுபடுத்தி, முன்னும் பின்னும் ஒன்பது அறிகுறிகளை அளந்தார்கள். 2006இல் வந்த முடிவின்படி வலி, களைப்பு, பதற்றம் உட்பட எட்டு அறிகுறிகள் குறைந்தன. குமட்டல் மட்டும் அசையவில்லை. ஒப்பிட வேறொரு குழு அதில் இல்லை என்ற குறையையும் சொல்லிவிட வேண்டும். விழுப்புரத்துக்காரருக்குத் தூரிகையும் கான்வாஸும் அந்நியமாக இருக்கலாம். கோலமும் கொலு பொம்மையும் அப்படி இல்லை. ஆனால் மருந்து விரலிலும் விளையாடும். கோல மாவு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழையாக இறங்க வேண்டும். பாக்லிடாக்செல் போன்ற மருந்து எடுத்தவர்களில் பலருக்கு விரல்நுனி மரத்துவிடும். மாவு விழுகிறதா நின்றுவிட்டதா என்பதே தெரியாது, கோடு திட்டுத்திட்டாக வரும். ஆக்சாலிபிளாட்டின் என்றால் பச்சைத் தண்ணீர் பட்டாலே சுள்ளென்று குத்தும். மார்கழி விடியலில் வாசல் தெளிப்பதை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். புள்ளிக் கோலத்தை நோட்டில் தடித்த பேனாவால் போடலாம். புள்ளியை எண்ணிச் சுழி சேர்க்கும் வேலை குறைவதில்லை.

“இதனால் ஆயுள் கூடுமா?” என்று கேட்பார்கள். மன ஆறுதலுக்காகக் குழுவாகக் கூடிப் பேசினால் கூடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 86 பெண்களிடம் டேவிட் ஸ்பீகல் நடத்திய ஆய்வு 1989இல் வந்தது. வாரந்தோறும் கூடிப் பேசிய குழுவினர் சராசரியாக 36.6 மாதம், மற்றவர்கள் 18.9 மாதம் வாழ்ந்ததாக அது சொன்னது. 2001இல் பமேலா குட்வின் குழு 235 பெண்களிடம் அதே முறையைச் சோதித்தபோது ஆயுள் நீளவில்லை. ஆனால் மனத்துயரும் வலியும், அவை கூடுதலாக இருந்த பெண்களுக்குக் குறைந்தன. எனக்கு இந்த இரண்டாவது முடிவே போதுமானதாகப் படுகிறது. வலி குறைவது ஒரு பலன்தான். அதற்கு ஆயுளைச் சாட்சிக்கு இழுக்கத் தேவையில்லை. ஆயுள் கூடும் என்று சொல்லி இதை விற்பவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும். குணமாக்கக்கூடிய நிலையில் இருந்தும் வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று வைத்தியம் மட்டுமே செய்துகொண்டவர்களுக்கு இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவன இதழில் 2018இல் வந்த ஆய்வு காட்டியது. கழுவெளி கீமோவுக்கு மாற்று ஆகாது.

கூலிக்குப் போகிறவருக்குப் பொழுதுபோக்கு ஏது என்பது இன்னொரு கேள்வி. இது கனமான கேள்வி. வாரத்துக்கு 120 நிமிடம் என்பது நாளுக்கு இருபது நிமிடம்கூட ஆகாது. ஏரிக்கரைக்கு டிக்கெட்டும் கிடையாது. பல வீடுகளில் தடையாக நிற்பது வேறு: கிருமி பயம், அக்கம்பக்கத்தார் கேள்விக்குக் கூச்சம், “பேசாமல் படுங்கள்” என்ற அன்பு. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. காலமெல்லாம் கடமையாகக் கோலம் போட்ட பெண்ணுக்கு இப்போது பிடித்தது சும்மா திண்ணையில் உட்காருவதாக இருக்கலாம். எது ஆறுதல் என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். “பாசிட்டிவாக இருங்க” என்று கையில் கலர் பென்சிலைத் திணிப்பதும் ஒரு தொந்தரவுதான்.

கிருமி பயம் முழுக்கப் பொய்யும் அல்ல. பல மருந்துகளில், கீமோ ஏற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் களிமண் பிசைவது, தோட்டத்து மண்ணைக் கிளறுவது, கூட்டமான திருவிழா எல்லாவற்றையும் தள்ளிவைக்க வேண்டும்; காய்ந்த பொம்மைக்கு வர்ணம் தீட்டலாம். அணுக்கள் மீண்டபின், அடுத்த ஊசிக்கு முந்தைய வாரமே வெளியே போக ஏற்றது. கதிர்வீச்சு பட்ட தோலில் வெயில் படக் கூடாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தின் வழியாக வலி தணிப்புச் செவிலியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் குறிப்பேட்டில், நோயாளிக்குப் பிடித்த இடம் எது, வேலை எது என்று ஒரு வரி சேர்க்க அரசுக்குச் செலவு எதுவும் ஆகாது. அதுவரை, அடுத்த முறை கீமோவுக்குப் போகும்போது டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்: எந்த நாட்களில் வெளியே போகலாம், மண்ணைத் தொடலாமா, விரல் மரத்தால் யாரிடம் சொல்வது?