மழை அழிக்கும், பெண்கள் வரைவார்கள்

சிரிகு கிராமத்துக்குப் போவதென்றால் அறுவடை முடிந்து, கம்பும் சோளமும் குதிருக்குள் போன பிறகு போக வேண்டும். கானா நாட்டின் வடகோடியில், புர்க்கினா ஃபாசோ எல்லையை ஒட்டி இருக்கிறது அந்த ஊர். மே வாக்கில் தொடங்கி அக்டோபர் வரை ஒரே மழைக்காலம். அப்புறம் சகாராப் பக்கமிருந்து ஹர்மாத்தான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும். வயல் வேலை ஓய்ந்த அந்த மாதங்களில்தான் பெண்கள் சுவர்ப் பக்கம் திரும்புகிறார்கள்.

வீட்டைக் கட்டுவது ஆண்கள். சுவரில் என்ன வர வேண்டும் என்பது பெண்களின் பொறுப்பு. மண்ணையும் சாணத்தையும் குழைத்து வெறுங்கையால் பூசுகிறார்கள். பூச்சு ஈரமாக இருக்கும்போதே மலைப்பாம்பும் முதலையும் மாடும் புடைப்பாக எழுந்துவிடும். மீதி இடமெல்லாம் முக்கோணங்கள், சாய்சதுரங்கள், வலைப்பின்னல்கள். உடைந்த சுரைக்குடுக்கைத் துண்டுகள்கூட அங்கே ஒரு கோலமாகின்றன. நிறங்கள் மூன்றுதான்: செம்மண்ணில் சிவப்பு, கருங்கல்லை அரைத்துக் கறுப்பு, வெண்கல்லைப் பொடித்து வெள்ளை.

நிறம் தீட்டியதோடு வேலை முடிவதில்லை. கைக்கு அடங்கிய கூழாங்கல்லால் சுவர் முழுவதையும் தேய்க்கிறார்கள். தேய்க்கத் தேய்க்க நிறம் மண்ணோடு இறுகி, மேற்பரப்பு வழவழப்பாகிறது. கடைசியில் தவாதவா மரத்தின் நெற்றுத் தோலைக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றைச் சுவரில் அடிக்கிறார்கள். அதுதான் அவர்களுடைய வார்னிஷ். அதே மரத்தின் விதையைப் புளிக்கவைத்தால் குழம்புக்கு மணம் தரும் சரக்கு.

இத்தனை செய்தும் சில மழைக்காலங்களில் ஓவியம் மங்கித்தான் போகும். மறுபடி பூசி, மறுபடி வரைய வேண்டும். இந்தக் கலையின் உயிர் அந்த ‘மறுபடி’யில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மூத்தவள் கோடு இழுக்க, இளையவள் நிறம் நிரப்ப, அடுத்த தலைமுறைக்குத் தொழில் கைமாறுவது அப்போதுதான்.

அருகிலுள்ள பாகாவில் காஸேனா மக்களின் பழைய வீடுகளுக்குள் குனிந்துதான் நுழைய முடியும். நுழைந்ததும் எதிரே ஒரு குட்டைச் சுவர் மறிக்கும். அடிமைகளாக விற்க ஆள் பிடிக்க வந்தவர்களிடமிருந்து தப்பிக்கச் செய்த ஏற்பாடு அது. அதே பாகாவின் பிக்வோரோவில், பிடிபட்டவர்களை அடைத்துவைத்த பாறைவெளி இருக்கிறது. பாறையில் குடைந்த குழிகளே அவர்களின் உணவுத் தட்டு. பயணிகள் பலர் ஊர்க் குளத்து முதலையைத் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பிக்வோரோவைப் பார்க்காதவருக்கு அந்தக் குட்டை வாசல் வெறும் விநோதமாகத்தான் தெரியும்.

பக்கத்து நவ்ரோங்கோவில் 1906இல் கத்தோலிக்கப் பாதிரியார்கள் மறைப்பணியைத் தொடங்கினார்கள். அங்குள்ள மண் தேவாலயத்தின் உட்சுவர்களை அலங்கரித்தவர்கள் சிரிகு பெண்கள். வீட்டுச் சுவரில் செய்யும் அதே புடைப்பு வேலை அங்கே தேவாலயத்துக்குள் நிற்கிறது. வெளியே நிழல் தருபவை வேப்ப மரங்கள். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவிலிருந்து போனவை.

எல்லைக்கு அப்பால், புர்க்கினா ஃபாசோவின் டியெபெலே அரண்மனை வளாகத்திலும் இதே கைவண்ணம்தான். 2024 ஜூலையில் புது டெல்லியில் கூடிய யுனெஸ்கோ குழு அதை உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆயுதக் குழுக்களின் வன்முறை அந்த நாட்டை வாட்டுவதால் அங்கே போவது இப்போது பாதுகாப்பானதல்ல. கானா பக்கம் போவதே சரி.

அங்கேயும் மண் வீடுகள் குறைந்துவருகின்றன. சிமென்ட் கல்லும் தகரக் கூரையும் வந்துவிட்டால் மறுபடி மறுபடி பூச வேண்டிய பாடு இல்லை. அந்த வசதியை விரும்பும் குடும்பத்தைக் குறை சொல்ல நமக்கு உரிமை கிடையாது. ஆனால் மண் சுவர் போனால் கற்றுத்தரும் இடமும் போய்விடும். இதை உணர்ந்து மெலனி கசிஸே 1997இல் சிரிகு பெண்களைத் திரட்டி, மண்பாண்டத்துக்கும் ஓவியத்துக்குமாக ‘ஸ்வோபா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். சுவரில் வரைந்ததைக் கான்வாஸிலும் வரைந்து விற்கிறார்கள். சுற்றுலாவுக்காகக் கலையை நீர்த்துப்போகச் செய்வதாக நான் இதைப் பார்க்கவில்லை. கான்வாஸ் விற்ற காசு வீட்டுக்கு வந்தால்தான் மகள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வாள்.

அமைப்பின் விருந்தினர் குடில்களிலேயே தங்கலாம். அவற்றின் சுவர்களும் இப்படி வரைந்தவைதான். விருப்பமுள்ளவர்களுக்கு மண் பிசையவும் கோடு இழுக்கவும் அந்தப் பெண்களே சொல்லித்தருகிறார்கள். கூடை வாங்க போல்கடங்கா நகரச் சந்தை இருக்கிறது, மூன்று நாளைக்கு ஒருமுறை கூடும். அந்த நாளைக் கேட்டுவைத்துக்கொண்டு பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.