பரமபத அட்டையும் பழக்கக் கணக்கும்

வைகுண்ட ஏகாதசி இரவில் நம் முன்னோர் ஆடிய பரமபதத்தில் ஏணிகள் நற்குணங்களையும் பாம்புகள் தீக்குணங்களையும் குறித்தன. ஆயினும் ஏற்ற இறக்கத்தை முடிவு செய்வது தாயக்கட்டையே. நம் முயற்சி அன்று.

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் (1706–1790) இக்குறையற்ற முறையொன்றைத் தமக்கென அமைத்துக்கொண்டார். 13 நற்பண்புகளைக் குறிப்பேட்டில் எழுதி, 7 நாள்களுக்கும் கட்டங்கள் வரைந்தார். தோட்டப் பெரட்டில் அன்றாடம் பெயர் பதிந்ததுபோல, தவறிய பண்பிற்கு நேரே அன்றன்றே கரும்புள்ளி இட்டார். வாரம் ஒரு பண்பில் தனிக்கவனம். ஆண்டிற்கு நான்கு சுற்றுகள். ‘ஒழுங்கு’ மட்டும் அவருக்கு எளிதில் வசப்படவில்லை!

அடியேனும் சினத்திற்கென ஓர் அட்டை வைத்துள்ளேன். முதல் வாரம் ஏழு கட்டங்களும் கறுத்தன. சென்ற வாரம் மூன்று. அம்மூன்றும் எவ்வகுப்பில் நேர்ந்தன என்பதை ஐந்தாம் ஆண்டு மாணவர் நன்கறிவர்.