மலைத் தோட்டங்களில் ஓடை நீரினால் மின்சாரம்

திருப்பூர் வட்டாரத்துக் குடியானவர்களுக்கு ஜலசக்தியினால் உண்டாகும் மின்சாரம் புதிதன்று. 1932-ஆம் ஆண்டில் நீலகிரியின் பைக்காரா ஆற்று நீரைக் குழாய்களின் வழியே சுமார் 3,000 அடி கீழே சிங்காராவுக்கு இறக்கி, அதன் வேகத்தினால் மின்சாரம் எடுக்கத் தொடங்கினர். அது கோயம்புத்தூர்ச் சீமைக்கு வந்த பின்னரே, மாடு பூட்டிக் கவலையேற்றத்தினால் இறைத்துவந்த கிணறுகளில் படிப்படியாக மோட்டார் பம்புகள் அமைந்தன. 1920-களில் சிறிய அளவில் தொடங்கிய பனியன் தொழிலும் அம்மின்சாரத்தைக் கொண்டே பெருகிற்று. ஆகவே ராயபுரம் முதலிய இடங்களில் பின்னல் யந்திரங்கள் ஓடுவதைக் காணும் நிலக்காரர், தம் நிலத்தருகே ஓடும் நீரிலும் இவ்வாறு மின்சாரம் எடுக்கலாகாதா என்று வினவுவது இயல்பே. ராயபுரத்தில் அது ஆகாது. மலைப்புறத்தில், மின்கம்பி எட்டாத தோட்டம் உடையவர்க்கு ஆகலாம். இரண்டிற்கும் காரணம் ஒன்றே.

நீர் தரும் சக்தி இரண்டு அளவுகளைப் பொறுத்தது: ஒரு விநாடிக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பது ஒன்று, அது எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பெருக்கி, வந்ததை 5-ஆல் பெருக்கினால், சிறிய யந்திரங்களில் கிடைக்கக்கூடிய மின்சாரம் வாட் கணக்கில் ஏறக்குறைய வரும். சரியான பெருக்கெண் 9.8 ஆயினும், குழாயிலும் சக்கரத்திலும் டைனமோவிலும் ஏறத்தாழப் பாதி வீணாவதால் 5 என்று கொள்வதே விவேகம். விற்பனை செய்வோர் 7 அல்லது 8 என்று கணக்கிட்டுக் காட்டினால், அதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

நொய்யலாற்றுக்கு இக்கணக்கில் குறைவது இறக்கமே. கோயம்புத்தூர் கடல் மட்டத்திற்குச் சுமார் 410 மீட்டர் உயரத்திலும், திருப்பூர் சுமார் 300 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடைவழி சுமார் 50 கிலோமீட்டர். ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமான சரிவே உண்டு. அன்றியும் ஆண்டில் பல மாதங்கள் அதில் ஆற்று நீர் என்று சொல்லத்தக்கது ஓடுவதில்லை. கிணற்று நீரை மோட்டாரினால் மேல்தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து விழச்செய்து மின்சாரம் எடுக்கலாம் என்ற யோசனையும் சிலரிடம் உள்ளது. ஏற்றுவதில் ஏறக்குறையப் பாதியும் இறக்குவதில் மற்றும் பாதியும் போய்விடுமாதலால், செலவிட்ட மின்சாரத்தில் கால் பங்கே திரும்பும். இதற்கென யந்திரம் வாங்குவது வீண்.

மலைகளில் நிலைமை வேறு. பைக்காராவுக்கு முன்பே, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குன்னூருக்கு அருகிலுள்ள காட்டேரி அருவியின் நீரைக் கொண்டு அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு மின்சாரம் எடுக்கப்பட்டது. அதே காலத்தில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும் இவ்வாறு செய்தனர். அந்நாளில் வெளியிலிருந்து கம்பி வர வழியில்லை, அருவியே கைகொடுத்தது. கர்நாடக மலைநாட்டுப் பாக்குத் தோட்டங்களில் ஒரு வீட்டுக்குப் போதுமான, ஒரு கிலோவாட் அளவுள்ள சிறு யந்திரங்கள் பிற்காலத்தில் பரவின. இலங்கையில் தேயிலைத் தோட்டங்களில் இருந்த பழைய சக்கரங்கள் பல, பொது மின்சாரம் வந்தபின் கைவிடப்பட்டன. 1990-கள் முதல் மலைக்கிராமங்களில் ஊரார் சங்கம் சேர்ந்து நடத்தும் சிறு நிலையங்கள் தோன்றின. அவற்றுள்ளும் பல, கம்பி வந்ததும் நின்றன. எனவே அருகில் மின்பாதை வருவதாயிருந்தால் அதை முதலில் விசாரித்துக்கொண்டு பிறகு பணம் போடுவது உசிதம்.

யந்திரத்தை விலை பேசுமுன் ஓடையை அளக்க வேண்டும். கற்களையும் களிமண்ணையும் கொண்டு ஓடையைச் சிறிது தடுத்து, நீர் முழுவதையும் ஒரு குழாயின் வழியே விழச்செய்து, 20 லிட்டர் தகர டின் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கலாம். நான்கு விநாடியானால் விநாடிக்கு 5 லிட்டர். இறக்கத்தை, கொத்தர் மட்டம் பார்க்க உபயோகிக்கும் நீர்நிறைந்த கண்ணாடிக் குழாயினால் படிப்படியாக அளந்து கூட்டலாம். இறக்கம் 30 மீட்டரானால் 5, 30, 5 ஆகியவற்றைப் பெருக்க 750 வாட், அதாவது ஒரு குதிரைச் சக்தி கிடைக்கும். இது மழைக்காலக் கணக்கு. அதே ஓடையில் பங்குனி, சித்திரையில் விநாடிக்கு 2 லிட்டரே வருமானால் கிடைப்பது 300 வாட். ஐப்பசியில் மட்டும் அளந்து யந்திரம் வாங்கியவர், கோடையில் விளக்கின்றி இருக்க நேரும். கோடையில் ஒருமுறையாவது அளவாதவரை முன்பணம் கொடுக்கலாகாது.

300 வாட் அற்பமென்று தள்ளவும் வேண்டாம். ஓடை இரவிலும் ஓடுவதால் நாளொன்றுக்கு 7 யூனிட் சேரும். ஒரு கிலோவாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் தருவது 4 அல்லது 5 யூனிட்டே. வீட்டு விளக்குகள், விசிறி, சிறிய குளிர்பெட்டி ஆகியவற்றுக்கு இது போதும். 5 குதிரைச் சக்திப் பம்பு இதனால் ஓடாது. மழைக்காலத்தில் மேகம் மூடித் தகடு சோர்ந்திருக்கையில் ஓடை பெருகும். கோடையில் ஓடை இளைக்கையில் தகடு நன்கு வேலை செய்யும். ஆதலால் இரண்டையும் சிறிய அளவில் சேர்த்து வைப்பது பலருக்கு ஏற்றது.

அமைப்பில் அதிகம் கெடுவது குழாயே. விலை குறையட்டுமென்று சிறிய குழாய் போட்டால், உராய்வினால் இறக்கத்தின் பயன் குழாய்க்குள்ளேயே கரைந்துவிடும். பத்தில் ஒரு பங்குக்குமேல் இழப்பு நேராத அகலம் வேண்டும். குழாய்வாயில் இலையும் சருகும் அடையாமல் கம்பித்தடுப்பும், மணல் தங்க ஒரு தொட்டியும் இன்றியமையாதவை. மணல் கலந்த நீர் சக்கரத்தின் கிண்ணங்களைத் தேய்த்துவிடும். வீட்டில் விளக்குகளை அணைக்கும்போது டைனமோ கட்டுக்கடங்காமல் வேகங்கொள்ளும். மிஞ்சிய மின்சாரத்தை நீர் காய்ச்சும் கம்பிக்குத் திருப்பும் தானியங்கிக் கருவி இதைத் தடுக்கும். அதற்கு ஆகும் செலவைக் குறைக்கலாகாது.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியதும் உண்டு. ஓடை பெரும்பாலும் புறம்போக்கு; பட்டா நிலத்தின் வழியே ஓடினாலும் அதைத் திருப்பும் உரிமை பட்டாவினால் மட்டும் வந்துவிடாது. காட்டு எல்லைக்குள் தடுப்போ குழாயோ அமைக்க வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். சக்கரத்தைச் சுற்றிய நீர் குறைவதில்லையாயினும், எடுத்த இடத்திற்கும் விடும் இடத்திற்கும் நடுவே ஓடை வறளும். அவ்விடைவெளியில் வேறொருவரின் வாய்க்கால் தலைப்போ, மாடுகள் நீர் குடிக்கும் துறையோ இருந்தால் அங்கேதான் வழக்கு முளைக்கும். மனு வந்தவுடன் கிராம நிர்வாக அலுவலர் வரைபடத்தில் இவ்விரண்டு புள்ளிகளையும் குறித்து, இடையிலுள்ள பாத்தியதைக்காரர்களை நேரில் விசாரித்து, கோடையில் ஓடையில் விட்டுவைக்க வேண்டிய நீரின் அளவையும் எழுதி மேலே அனுப்புவது முறை.