யோனி நுண்ணுயிர்த் தொகுதியும் கருப்பை வாய்ப் புற்றுநோயும்: காரணமா, விளைவா?

முன்னுரை

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மனிதப் பாப்பிலோமா வைரஸே அடிப்படைக் காரணம் என்பது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. அவ்வைரஸின் 16ஆம் வகையை 1983இல் இனங்கண்ட ஹரால்டு சூர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. தொற்றுக்கு ஆளாகும் பெண்களுள் பெரும்பாலோரிடமிருந்து வைரஸ் ஓரிரு ஆண்டுகளில் தானே அகன்றுவிடுகிறது. சிலரிடம் மட்டும் நிலைத்து, பல்லாண்டுகளுக்குப் பின் புற்றுக்கு வழிவகுக்கிறது. இவ்வேறுபாட்டிற்கு யோனியில் வாழும் நுண்ணுயிர்களும் ஒரு காரணமாகலாம் என்னும் கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

அமிலக் காப்பு

ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் யோனிச் சுவரின் செல்களில் கிளைக்கோஜன் சேர்கிறது. அது சிதைந்து உண்டாகும் சர்க்கரையிலிருந்து லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உருவாக்குகின்றன. அதனால் அங்குள்ள பி.எச். அளவு ஏறத்தாழ 3.5 முதல் 4.5 வரை தாழ்ந்து நிற்கிறது. பிற பாக்டீரியாக்கள் பெருக இடமிருப்பதில்லை. தமிழில் 'கிருமி' என்றதுமே தீங்குதான் நினைவுக்கு வருகிறது. இங்கோ கிருமி குறைவதே தீங்காகிறது.

லாக்டோபேசில்லஸ் இனங்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. கிரிஸ்பேட்டஸ் இனம் மிகுந்த சூழல் நிலையானது. ஐனெர்ஸ் இனமோ லாக்டிக் அமிலத்தின் டி-வடிவத்தை உருவாக்க இயலாதது. அது மிகுந்த சூழல் எளிதில் நிலைமாறக் கூடியது. இவ்வினங்கள் குன்றிக் கார்ட்னெரெல்லா, பிரிவோடெல்லா முதலியன பெருகும்போது, அவற்றின் நொதிகள் சளிப்படலத்தைச் சிதைக்கின்றன, அழற்சியும் தோன்றுகிறது. இச்சூழலில் வைரஸ் நிலைகொள்வது எளிதாகலாம்.

காரணத்தின் திசை

ஆயின், தொடர்பு இருப்பது வேறு, காரணமாக இருப்பது வேறு. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு எதிர்த்திசையையும் சுட்டியது. உடலின் தற்காப்புப் பெப்டைடுகள் சிலவற்றை லாக்டோபேசில்லஸ் தனக்கு வேண்டிய அமினோ அமிலங்களுக்காகப் பயன்படுத்துகிறது. வைரஸ் அப்பெப்டைடுகளைக் குறைத்துவிடுகிறது. அதாவது, காவலரின் உணவை வைரஸே பறிக்கிறது. ஆகவே லாக்டோபேசில்லஸ் மாத்திரைகளைத் தடுப்பூசிக்கும் பரிசோதனைக்கும் மாற்றாகக் கருதுவதற்கு அடிப்படையில்லை.

'இயல்பு' என்பதன் வரையறையும் சிக்கலானது. ஜாக் ரேவெல் குழுவினர் 2011இல் நோய்க்குறியற்ற 396 வட அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்தனர். வெள்ளையினப் பெண்களுள் 89.7 விழுக்காட்டினரிடம் லாக்டோபேசில்லஸ் மேலோங்கியிருந்தது. கறுப்பினப் பெண்களுள் 61.9 விழுக்காட்டினரிடமே அவ்வாறு இருந்தது. எஞ்சிய நலமுள்ள பெண்களைச் சீர்குலைவுற்றோர் என்பதா, இயல்பின் எல்லையை விரிப்பதா என்பதில் ஆய்வாளரிடையே கருத்தொற்றுமை இல்லை.