பையில் இருக்கும் போனுக்கு மின்னல் எச்சரிக்கை வருவது எப்படி?

ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது படவேடு. ரேணுகாம்பாள் கோயிலுக்குப் பெயர்பெற்ற இந்த ஊரில் வாழைத் தோட்டங்களும் அதிகம். மழை திரண்டு வரும்போது தோட்டத்தில் வேலை செய்பவருக்கு மின்னல் எச்சரிக்கை உடனே கிடைக்க வேண்டும். புனே இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ ஆப் இதற்காகவே வந்தது.

ஆனால், போன் பையில் இருக்கிறதே! தகவல் எப்படித் திரைக்கு வரும்?

இதுபோன்ற ஆப்களில் பொதுவாக வேலை இரண்டாகப் பிரிந்திருக்கும். பின்னணியில் ஓடும் பகுதி இணையத்திலிருந்து தகவலை வாங்கி, போனிலேயே சேமிக்கும். ஆப்பைத் திறந்ததும் திரை அதை எடுத்துக் காட்டும். அவசரம் என்றால் நோட்டிஃபிகேஷன் வரும். எல்லாவற்றையும் திரையே செய்தால் ஆப் உறைந்து நின்றுவிடும்.

சிக்கல் பேட்டரியில். சார்ஜை மிச்சப்படுத்த, பின்னணி வேலைகளை போன் தள்ளிப்போடும். ஆண்ட்ராய்டின் ‘வொர்க்மேனேஜர்’ வசதியில், திரும்பத் திரும்ப நடக்கும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளியே 15 நிமிடம். மின்னலுக்கு அது மிக நீண்ட நேரம்!

அதனால், செட்டிங்ஸில் எச்சரிக்கை ஆப்புக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுங்கள். பேட்டரி கட்டுப்பாட்டை நீக்குங்கள். திரையில் நேரம் காட்டினால், தகவல் எப்போது வந்தது என்று பாருங்கள்.

இடிச் சத்தம் கேட்டுவிட்டதா? எச்சரிக்கைக்காகக் காத்திருக்காதீர்கள். மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.