வானில் ஒரு மணி, தரையில் மூன்று மணி

மதுரை விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 416 கிலோமீட்டர். எழும்பூரிலிருந்து மதுரைக்கு வரும் ரயில் பாதை அதைவிட எழுபது, எண்பது கிலோமீட்டர் நீளம். விமானத்துக்கு ஒன்றேகால் மணி, ரயிலுக்கு ஆறு மணி என்று அட்டவணையைப் பார்த்ததும் பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கு வீட்டு வாசலில் தொடங்கவில்லை என்பதுதான் அதிலுள்ள குறை. அந்த ஒன்றேகால் மணிகூட முழுக்கப் பறக்கும் நேரமல்ல. நின்ற இடத்தை விட்டு விமானம் நகர்ந்தது முதல் சென்னையில் மறுபடி நிற்பது வரை அதில் அடக்கம். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் போகக்கூடியதுதான். ஆனால் இவ்வளவு குறுகிய வழியில் ஏறுவதற்கும் இறங்குவதற்குமே பெரும்பகுதி செலவாகிவிடும். முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரமே.

கோரிப்பாளையத்தில் இருப்பவர் அவனியாபுரம் தாண்டிப் போய்ச் சேர முக்கால் மணி. பெட்டி போடும் கவுன்டர் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும் என்பதால், ஒன்றரை மணி முன்னதாகவாவது உள்ளே இருந்தாக வேண்டும். இறங்கியபின் பெட்டிக்காக இருபது நிமிடம், எழும்பூர் போக இன்னொரு முக்கால் மணி. மொத்தம் ஏறக்குறைய நாலரை மணி. தேஜஸும் வந்தே பாரத்தும் ஆறு மணி நேரத்தையொட்டிக் கொண்டுபோய் விடுகின்றன. ஸ்டேஷனோ ஊர் நடுவே. ஐந்து மணி நேர லாபம் என்று நினைத்தது இரண்டு மணிக்கும் கீழே வந்துவிடுகிறது. தாம்பரத்தில் இறங்குபவருக்கும், வந்தே பாரத் நிற்கும் விருதுநகரில் ஏறுபவருக்கும் அதுவும் மிஞ்சாது. இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் படுத்து விடியலில் எழும்பூரில் இறங்குபவர் பகலில் ஒரு மணி நேரத்தைக்கூட இழப்பதில்லை.

தரையில் போகும் இந்த மூன்று மணிச் சொச்சம் தூரத்தைப் பொறுத்ததல்ல. நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். 2,000 கிலோமீட்டருக்கு மேலுள்ள டெல்லிக்கும் ஏறக்குறைய அதே மூன்று மணிதான். ஆனால் அங்கே மிச்சமாவது நாற்பது மணி நேர ரயில் பயணம். கொழும்பைப் பாருங்கள். கட்டுநாயக்க விமான நிலையம் மதுரையிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர், சென்னையைவிடப் பக்கம். குடியுரிமைச் சோதனையால் தரையில் கூடுதல் நேரம் பிடித்தாலும், நடுவில் கடல் இருப்பதால் அந்த விமானத்துக்கு ஈடு இல்லை. மதுரையின் முதல் வெளிநாட்டு விமானம் 2012இல் கொழும்புக்குப் புறப்பட்டதில் வியப்பில்லை.

காலையில் போய் இரவே திரும்ப வேண்டிய வியாபாரிக்கும் வழக்கறிஞருக்கும் ஒன்றரை மணி நேரமும் பெரிதுதானே என்று கேட்கலாம். பெரிதுதான், போகவும் வரவும் சேர்த்தால் மூன்று மணியாகிறது. அவர்களுக்காகச் சென்னை விமானங்கள் இருக்கத்தான் வேண்டும். சென்னை போய்த்தானே வெளிநாட்டு விமானம் பிடிக்கிறோம் என்ற மறுப்பும் உண்டு. அது சென்னை விமானத்தின் சிறப்பைவிட, மதுரையிலிருந்து நேரடி விமானங்கள் போதாததையே காட்டுகிறது. 7,500 அடி ஓடுபாதையை 12,500 அடியாக நீட்டும் திட்டத்தை இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஏடிஆர் போன்ற சிறு விமானம் சென்னைக்குப் பறக்க இப்போதைய நீளமே தாராளம். நிறைய எரிபொருளோடு தொலைதூரம் போகும் பெரிய விமானங்களுக்குத்தான் கூடுதல் அடிகள் தேவை.